‘இருட்டில் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். வயது 44. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சின்னதாக ஒரு தையல் கடை. கணவருக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் மாமியாரும் கல்லூரியில் படிக்கும் மகளும்.

2024 செப்டம்பரில் ஓர் இரவு, கடையின் ஷட்டரை இறக்கும் நேரத்தில், ஸ்டாண்டில் நின்ற ஆட்டோ ஓட்டுநரை இரண்டு பேர் அரிவாளால் வெட்டுவதைப் பார்த்திருக்கிறார். ஒருவன் இவர் தெருப் பையன், சின்ன வயதிலிருந்தே தெரியும். இன்னொருவனை அன்றுதான் பார்த்தார். ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார், வலது கைதான் சரியாக வேலை செய்வதில்லை. மறுநாள் காவல் நிலையத்துக்கு அழைத்து இரவு 9 மணி வரை உட்கார வைத்து விசாரித்தார்கள். சம்பவ இடத்தில் இரண்டு தாள்களில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

இப்போது கொலை முயற்சி வழக்கு அமர்வு நீதிமன்றத்தில் நடக்கிறது. சாட்சி சொல்ல வரும்படி சம்மன் வந்துவிட்டது. அந்த வாரமே பையனின் தாய்மாமன் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். “அக்கா, நீங்க யாருக்கும் எதிராச் சொல்ல வேண்டாம். இருட்டுல சரியாத் தெரியலைன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்” என்றாராம். கிளம்பும்போது, “பாப்பா சாயங்காலம் ஆறரை பஸ்லதானே வருது?” என்று கேட்டாராம். மறுபக்கம், சம்மன் கொடுக்க வந்த ஏட்டு, “மூணு பேருன்னு எழுதியிருக்கும்மா, அப்படியே சொல்லிடுங்க, மாத்திச் சொன்னா கேஸ் உடைஞ்சிடும்” என்கிறார். இவர் பார்த்ததோ இரண்டு பேரை.

“போகாமல் இருந்தால் என்ன ஆகும்? தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா? போலீஸ் எழுதியதை மாற்றிச் சொன்னால் என் மீது கேஸ் வருமா? என்னைப் போன்றவளுக்கு யார் பாதுகாப்பு தருவார்கள்? பார்த்தது என் தப்பா?” இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் மீது எந்தத் தப்பும் இல்லை. வெட்டியவர்கள் மீது தப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுக்குள் வந்து உங்கள் மகள் ஏறும் பஸ்ஸைப் பற்றிப் பேசியவர் மீது இருக்கிறது. பார்க்காததையும் சேர்த்துச் சொல் என்கிற ஏட்டு மீதும் இருக்கிறது. இத்தனை பேருடைய தப்புக்கும் நீங்கள் தூக்கமில்லாமல் தவிக்கிறீர்கள்.

ஒரு விஷயத்தை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ‘அரசுத் தரப்பு சாட்சி’ என்று சம்மனில் இருப்பதால் நீங்கள் போலீஸின் ஆள் ஆகிவிட மாட்டீர்கள். உங்களை அழைத்த தரப்பு எது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பார்த்ததை, பார்த்த அளவுக்கு நீதிபதியிடம் சொல்வது மட்டுமே உங்கள் பொறுப்பு. கேஸை நிலைநிறுத்துவது அரசு வழக்கறிஞரின் வேலை, உடைப்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வேலை. அந்த இரண்டு சுமையையும் இறக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

போகாமல் இருந்தால்?

இது நடக்காது. நீதிமன்ற சம்மனை வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் முதலில் பிணையில் விடத்தக்க வாரண்ட் வரும். அதற்கும் போகவில்லை என்றால் பிடிவாரண்ட். எந்தத் தப்பும் செய்யாத நீங்கள் போலீஸ் துணையோடு கோர்ட்டுக்குப் போக நேரும். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றோடு அரசு வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே தெரிவித்து வேறு தேதி கேட்கலாம். அது உங்கள் உரிமை. ஒளிந்துகொள்வதால் தள்ளிப்போவது தேதி மட்டும்தான், தாய்மாமன் வருகை நிற்காது.

‘தெரியவில்லை’ என்று சொன்னால்?

அந்த ஒரு வார்த்தையால் யாருக்கும் நஷ்டமில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வது பொய்ச்சாட்சி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆவது பிரிவுப்படி அதற்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நடைமுறையில் பிறழ் சாட்சிகள், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவர்கள், எல்லோர் மீதும் இந்த நடவடிக்கை பாய்வதில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பாயும்போது அது மிகவும் பலவீனமானவர் மீதுதான் விழுகிறது.

குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் 14 பேர் கொல்லப்பட்ட அந்த வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்ததால் 2003இல் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையானார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி மறுவிசாரணை நடத்தச் சொன்னது. மாற்றி மாற்றிப் பேசிய முக்கிய சாட்சியான இளம்பெண்ணுக்கு 2006இல் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டு சிறையும் 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. சொந்தக் குடும்பத்தையே தீயில் பறிகொடுத்தவர் அவர். அவரைக் காப்பாற்ற முடியாத அமைப்பு அவரைத் தண்டித்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் நடந்துகொண்டது.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2015இல் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும், கோயில் கண்காணிப்புக் கேமரா பதிவு உள்ளிட்ட மற்ற ஆதாரங்களை வைத்து 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பிறழ்ந்த சாட்சி மீது உயர் நீதிமன்றமே அவமதிப்பு நடவடிக்கையை ஆரம்பித்தது. உங்கள் வழக்கிலும் வெட்டுப்பட்டவர் உயிரோடு இருக்கிறார், அவரே முதல் சாட்சியாக இருப்பார். அதனால் நீங்கள் ‘தெரியவில்லை’ என்று சொன்னால் அந்தப் பையன் தப்பிப்பான் என்பது நிச்சயமில்லை. நீங்கள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

மூன்று பேர் என்று எழுதியிருந்தால்?

உங்கள் கடிதத்தில் இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. மூன்றாவது ஆள் அங்கே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாது. தெரியாததை நீங்கள் சொல்லி, அதை நம்பி ஒருவன் 10 ஆண்டு உள்ளே போனால், அதுவும் பொய்ச்சாட்சிதான். போலீஸ் சொல்லிக்கொடுத்த பொய் என்பதால் சட்டத்தின் பார்வையில் அது உண்மையாகிவிடாது.

‘கையெழுத்துப் போட்டுவிட்டேனே’ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கையெழுத்துப் போட்ட இரண்டு தாள்களும் மகஜர்கள். ஒன்று பார்வை மகஜர்: தெருவிளக்கு எங்கே இருந்தது, ஆட்டோ எந்தப் பக்கம் பார்த்து நின்றது, உங்கள் கடை எத்தனை அடி தூரம் என்று எழுதியிருப்பார்கள். இன்னொன்று, ரத்தக்கறை படிந்த மண்ணையும் கறை படியாத மண்ணையும் தனித்தனி டப்பாவில் எடுத்ததாக எழுதிய கைப்பற்றுதல் மகஜர். டப்பாவில் மண் எடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் யார் வெட்டினார் என்ற பேச்சே வராது. கோர்ட்டில் அந்தத் தாள்களைக் காட்டி “இது உங்கள் கையெழுத்தா?” என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லலாம்.

காவல் நிலையத்தில் உங்களை விசாரித்து எழுதிய வாக்குமூலம் வேறு. அதில் சாட்சியிடம் கையெழுத்தே வாங்கக்கூடாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. காரணம், போலீஸ் தன் கையால் எழுதுவதை நம் சட்டம் சாட்சியமாக ஏற்பதில்லை. நீங்கள் கூண்டில் நின்று சொல்வது மட்டுமே சாட்சியம். முன்பு எழுதியதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண்பாடு இருந்தால் அதைச் சுட்டிக்காட்டத்தான் அந்தத் தாள் பயன்படும். “மூன்று பேர் என்று போலீசாரிடம் சொன்னீர்களா?” என்று கேட்டால், “இல்லை, இரண்டு பேரைப் பார்த்ததாகத்தான் சொன்னேன்” என்று நடந்ததைச் சொல்லுங்கள். அதற்காக உங்கள் மீது வழக்குப் போட முடியாது.

மாஜிஸ்திரேட் முன்னால் போய்ப் பிரமாணம் எடுத்து வாக்குமூலம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்திருந்தால் விஷயம் வேறு, அதில் உங்கள் கையெழுத்து இருந்திருக்கும், அதிலிருந்து மாறுவது சிக்கல். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஏட்டிடம் வாதாடாதீர்கள், பயனில்லை. நேராக அரசு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். சாட்சி சொல்வதற்கு முன்னால் அவரைச் சந்திப்பதில் எந்தத் தவறும் இல்லை. “வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டுங்கள். நான் பார்த்தது இரண்டு பேரை, ஒருவனைத் தெரியும், மற்றவனை அன்றுதான் பார்த்தேன்” என்று சொல்லிவிடுங்கள். நேர்மையான அரசு வழக்கறிஞர் இதைக் கேட்டுச் சங்கடப்படமாட்டார், நிம்மதியடைவார். ஊகத்தைக் கலந்து சொல்கிற சாட்சியைக் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடத்தில் பிய்த்துவிடுவார்கள். இரண்டு பேர் என்று உறுதியாக நிற்கிற சாட்சியை அசைப்பது கஷ்டம்.

இன்னொன்று. உங்களை ஸ்டேஷனுக்கு வரவழைத்து இரவு 9 மணி வரை வைத்திருந்ததே தவறு. பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்கிறது அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு. அழைப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். இனி யாராவது “ஒரு நடை ஸ்டேஷன் வந்துட்டுப் போங்கம்மா” என்றால், “வீட்டுக்கு வாங்க சார், மாமியாரும் இருப்பாங்க, பேசலாம்” என்று தாராளமாகச் சொல்லலாம்.

பழத்தட்டும் ஆறரை மணி பஸ்ஸும்

அவர் கத்தியைக் காட்டவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, அதனால் இது மிரட்டல் ஆகுமா என்று தயங்குகிறீர்கள். என் கருத்தில் ஆகும். பொய்ச்சாட்சி சொல்ல வைப்பதற்காக ஒருவரை உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு வரும் என்று மிரட்டுவது நியாய சன்ஹிதாவின் 232ஆவது பிரிவில் குற்றம். மிரட்டல் உங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில்லை, உங்களுக்கு வேண்டியவரைப் பற்றியதாக இருந்தாலும் போதும். 7 ஆண்டு வரை தண்டனை. பழைய சட்டத்தில் இது 195ஏ பிரிவு. இதற்கு நீதிமன்றம்தான் புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் வழக்குப் பதிய முடியாது என்று ஒரு வாதம் இருந்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்து, போலீஸே நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று தெளிவாக்கிவிட்டது. அதனால் ஸ்டேஷனில் “இதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். என்ன தேதி, என்ன நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, கூட இருந்தவர் யார். உங்கள் மாமியார் அப்போது கூடத்தில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் சேருங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எதிர்க் கடையின் கேமராவில் அவர் வந்துபோனது பதிவாகியிருந்தால் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள், பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். கடை முன்னால் இரவில் நின்று நின்று போவதாக நீங்கள் எழுதியிருக்கும் பைக்கின் எண்ணைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததாக நீங்கள் சொல்லும் குரல் பதிவை, கேட்கவே பிடிக்கவில்லை என்றாலும், அழிக்காதீர்கள்.

இந்தப் புகாரின் நகலை அரசு வழக்கறிஞரிடமும் கொடுக்க வேண்டும். பையன் ஜாமீனில் இருக்கிறான். சாட்சிகளை ஆசை காட்டியோ மிரட்டியோ கலைக்கக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும். மாமனை அனுப்பினாலும் அது மீறல்தான். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசுத் தரப்பு கேட்க முடியும். உங்களிடம் இருக்கும் மிக வலுவான பிடி இதுதான் என்பது என் எண்ணம். பல வழக்குகளில் ஜாமீன் ரத்து மனு தாக்கலானதும் வீட்டுக்கு வருவது சட்டென்று நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

‘ரெண்டு குடும்பமும் சமாதானமாப் போயிட்டோம்’ என்று மாமன் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். கொலை முயற்சி வழக்கு குடும்பங்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததில்லை. அவர்கள் என்ன பேசிக்கொண்டாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தாது.

பாதுகாப்பு கேட்பது எப்படி?

‘பெரிய ஆளுங்களுக்குத்தானே போலீஸ் பாதுகாப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் திருத்த வேண்டும். சாமியார் ஆசாராம் மீதான வழக்குகளில் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகத் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சாட்சிகளில் ஒருவரான மகேந்தர் சாவ்லாவும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன் விளைவாக 2018 டிசம்பர் 5ஆம் தேதி சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்து, தனிச் சட்டம் வரும்வரை நாடு முழுவதும் அதையே சட்டமாகப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 398ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்கிறது. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 2018 திட்டம் பொருந்தும். உங்கள் வழக்கு அதற்குள் வருகிறது. சாட்சி பணக்காரரா, செல்வாக்குள்ளவரா என்று எங்கும் கேட்கவில்லை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென ஒரு குழு உண்டு. மாவட்ட அமர்வு நீதிபதி தலைவர், மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர், அரசு வழக்குகளை நடத்தும் துறையின் மாவட்டத் தலைவர் உறுப்பினர் செயலர். மனு அந்தச் செயலருக்குப் போக வேண்டும். நீங்களே கொடுக்கலாம், குடும்பத்தினர் கொடுக்கலாம், வழக்கறிஞர் மூலம் கொடுக்கலாம். உங்கள் வழக்கின் அரசு வழக்கறிஞர் வழியாக அனுப்பினால் வேகமாக நகரும். வழக்கு எண், யார் மிரட்டினார், என்ன சொன்னார், வீட்டில் யார் யாருக்கு ஆபத்து, என்ன பாதுகாப்பு வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும்.

மனு வந்ததும் உங்கள் உட்கோட்ட டி.எஸ்.பி.யிடம் அச்சுறுத்தல் ஆய்வறிக்கை கேட்பார்கள். அதை அவர் 5 வேலை நாட்களில் தர வேண்டும். அறிக்கை வந்து 5 வேலை நாட்களில் குழு முடிவெடுக்க வேண்டும். அவசரம் என்றால் அதற்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்பு கொடுக்கலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும், விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும். அச்சுறுத்தல் உயிருக்கா, உடைமைக்கும் பெயருக்குமா, தொந்தரவு அளவிலா என்று மூன்று வகையாகப் பிரித்து, அதற்கேற்பப் பாதுகாப்பு தருவார்கள்.

பாதுகாப்பு என்றதும் வாசலில் துப்பாக்கியோடு காவலர் நிற்பார், ஊரே வேடிக்கை பார்க்கும் என்று நினைத்துத் தயங்காதீர்கள். திட்டத்தில் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் அதிகம். வீட்டுக்குக் கேமரா பொருத்துவது, தெருவில் ரோந்து வருவது, ஆபத்து நேரத்தில் கூப்பிட ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் எண் தருவது, கோர்ட்டுக்கு அரசு வாகனத்தில் கூட்டிப்போய்த் திரும்ப விடுவது, குற்றம் சாட்டப்பட்டவர்களோடு வராந்தாவில் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. தேவைப்பட்டால் சில காலம் வேறிடத்தில் தங்க வைப்பதும் உண்டு. உங்களுக்காக நான் மனு எழுதினால், கேமரா, மாலை நேர ரோந்து, கோர்ட்டுக்குப் போய்வர வாகனம், தனிக் காத்திருப்பு இடம், மகள் பஸ் இறங்கும் நேரத்தில் நிறுத்தத்தில் ஒரு காவலர் என்று இவ்வளவையும் பெயர் சொல்லிக் கேட்பேன். ‘தக்க பாதுகாப்பு வழங்க வேண்டுகிறேன்’ என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகவே பதில் வரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் பாதுகாப்பு தரமாட்டார்கள், தேவைப்பட்டால் மறுபடி கேட்க வேண்டும். இல்லாத மிரட்டலைச் சொன்னதாகத் தெரிந்தால் செலவை உங்களிடமே வசூலிக்க முடியும், அதனால் எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆய்வறிக்கை எழுதுவது உள்ளூர்ப் போலீஸ், அது நம் ஊர் நிலவரத்தில் சாதாரண விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் தாக்குதலில் இறந்தபோது, தாக்குதல் நடந்த இரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. சாட்சி சொல்லும் போலீஸ்காரருக்கே பாதுகாப்பு தேவைப்படும்போது, நீங்கள் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

கோர்ட்டில் அன்றைக்கு

சம்மனையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். வந்திருப்பதை அரசு வழக்கறிஞரிடமும் கோர்ட் காவலரிடமும் சொல்லுங்கள். டவாலி உங்கள் பெயரைக் கூப்பிடும்வரை வெளியேதான் காத்திருக்க வேண்டும். உட்கார இடம், குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சாட்சிகளை நாள் முழுக்க நிற்க வைத்து வாய்தா போட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை 2000இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே மனம் நொந்து கண்டித்திருக்கிறது. வந்திருக்கும் சாட்சியை, தனிக் காரணம் எழுதி வைக்காமல், விசாரிக்காமல் அனுப்பக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

அரசு வழக்கறிஞர் கேட்கும் முதல் விசாரணையும் எதிர்த்தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே வற்புறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் சாட்சிகள் கலைக்கப்படுகிறார்கள். 2015இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பஞ்சாப் வழக்கு ஒன்றில் முதல் விசாரணை முடிந்து சுமார் 20 மாதம் கழித்துக் குறுக்கு விசாரணை நடந்தது, அதற்குள் சாட்சி மாறிவிட்டார். உங்கள் சாட்சியம் முழுதாகப் பதிவாகிவிட்டால், உங்களை மாற்றச் சொல்லி யாரும் வருவதற்குக் காரணமே இருக்காது. அதற்குப் பிறகும் பகை பாராட்டுவார்களோ என்ற பயம் இருந்தால், விசாரணை முடிந்த பின்னும் பாதுகாப்பை நீட்டிக்கக் கேட்கலாம்.

கூண்டில் தமிழில் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். உங்களுக்குத் தெரிந்த பையனை அடையாளம் காட்டச் சொன்னால் காட்டுங்கள். மற்றவன் முகம் இப்போது உறுதியாகத் தெரியாவிட்டால், உறுதியில்லை என்பதே சரியான பதில். கணவர் வெளிநாட்டில் இருப்பதை வைத்து அசிங்கமாக ஏதாவது கேட்டால் பதில் சொல்ல அவசரப்படாமல் நீதிபதியைப் பாருங்கள். அவமானப்படுத்துவதற்காகவே கேட்கப்படும் கேள்வியை அவர் தடுக்க வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாமன் கோர்ட் வாசலில் நின்று முறைத்தால் அதையும் நீதிபதியிடமே சொல்லலாம்.

சொல்லி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். தட்டச்சு செய்ததைப் படித்துக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை. ‘இரண்டு பேர்’ என்பது ‘மூன்று பேர்’ என்று பதிவாகியிருந்தால் அங்கேயே சொல்லித் திருத்தக் கேளுங்கள். நீதிபதி திருத்தவில்லை என்றால்கூட உங்கள் மறுப்பைக் குறித்து வைக்க வேண்டும். படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் கோர்ட் அலுவலகத்தில் சாட்சிப்படி கேளுங்கள். பெரிய தொகை இருக்காது, ஒரு நாள் கடை வருமானத்துக்கு ஈடாகாது, ஆனாலும் அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம்.

சம்மன் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளைக்கு ஸ்டேஷனில் புகார், இந்த வாரத்துக்குள் அரசு வழக்கறிஞரைச் சந்தித்துப் பாதுகாப்பு மனு. மனுவில் உங்கள் பெயரோடு மகள் பெயரையும் மாமியார் பெயரையும் சேருங்கள். மகளிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில வாரங்களுக்கு அவள் தோழிகளோடு வேறு நேரத்துப் பஸ்ஸில் வரட்டும், நிறுத்தத்தில் யாராவது போய்க் கூட்டிவரட்டும். மனு கொடுத்து 10 வேலை நாட்கள் தாண்டியும் பதில் வராவிட்டால் மறுபடி எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.